இருபடிச் சமன்பாடும் மாமனாரின் கண்ணும்

பள்ளி திறந்த மூன்றாம் நாள், பீரோவிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். எனக்கு முன்னால் அங்கே கணக்கு நடத்தி ஓய்வுபெற்ற சார் விட்டுப்போனது. பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவில் எந்தப் பாடத்தை எந்த வாரம், எத்தனை பீரியடில் நடத்த வேண்டும் என்று முத்து முத்தான கையெழுத்தில் ஆண்டுத் திட்டம் போட்டு வைத்திருந்தார். நான் அந்தப் பள்ளிக்கு வந்து நான்கு வருடம். நான்கு ஜூனிலும் அதைப் பார்த்து எழுதினேன். மாற்றியது வருடத்தை மட்டும். ஹெச்.எம். கையெழுத்துப் போடுவார், படிவம் சித்தூர் போகும், அங்கே ஒரு முத்திரை விழும். அதோடு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்போம்.

இந்த முறை எழுதிக்கொண்டே வரும்போது "கணங்கள், பன்னிரண்டு பீரியட்" என்ற வரியில் பேனா நின்றது. பக்க எண் போடலாம் என்று பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். அப்படி ஒரு பாடமே இல்லை. முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் தேடினேன். போன வருடமே புத்தகம் மாறிவிட்டது, அந்தப் பாடமும் போய்விட்டது. ஆனால் போன வருடமும் நான் பன்னிரண்டு பீரியட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இல்லாத பாடத்தைப் பன்னிரண்டு பீரியட் நடத்தியிருக்கிறேன். போன வருடப் படிவத்தின் நகலில், வருடக் கடைசியில் நிரப்புகிற கட்டத்தில், "மாணவர்கள் நன்கு புரிந்துகொண்டனர்" என்று வேறு இருந்தது, என் கையெழுத்தில்.

வெட்கமாகப் போய்விட்டது. இந்த வருடம் ஒழுங்காக நானே யோசித்து ஒரு திட்டம் போடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புத்தூர் வீட்டில், கூடத்துத் தரையில் புத்தகம், காலண்டர், ஸ்கேல், பென்சில் எல்லாம் பரப்பி உட்கார்ந்தேன். எங்கள் வீடு திருப்பதி மாவட்டத்தில், பள்ளி கார்வேட்டிநகரத்துப் பக்கம், சித்தூர் மாவட்டத்தில். மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து ஒரு மாவட்டத்தில் எழுந்து பல் தேய்த்துவிட்டு இன்னொரு மாவட்டத்தில் பாடம் நடத்துகிறேன். வீட்டுக்காரர் மாங்கூழ்த் தொழிற்சாலையில் எடைமேடைக் குமாஸ்தா. சீசனில் அவருக்கு ஞாயிறு அரை நாள்தான் லீவு. அதையும் தூங்கிக் கழிக்காமல் என் தலைக்கு மேல் வந்து நின்றார்.

"இன்னா எழுதிக்கினு கீற?"

"இயர் பிளான். ஜூன்ல பல்லுறுப்புக்கோவை, ஜூலை மொத வாரம் நேரியல் சமன்பாடு."

"ஜூலை பாஞ்சு வரைக்கும் ஒங்கிட்ட யாரு வருவா? அல்லாரும் தோப்புல கீறாங்க. நேத்து எங்க கேட்டுக்கு வந்த டிராக்டர்ல, பெங்களூரா மாங்கா லோடு மேல அம்மா அப்பா கூட குந்திக்கினு வந்தது ஒன் கிளாஸ் பசங்கதான். டீச்சர் ஊட்டுக்காரர்னு தெரிஞ்சதும் மாங்காய்க்குள்ள பூந்துக்கினாங்க."

"யார் யாரு?"

"அத நான் சொல்லமாட்டேன். எடைதான் எழுதுவேன், பேரு எழுதறதில்ல."

ஜூலையை ரப்பரால் அழித்தேன். மாம்பழம் போனால் விநாயகர் சதுர்த்தி. அது போனால் பரீட்சை, தசரா. நவம்பரில் மழை. ஜனவரியில் சங்கராந்தி என்று சொல்லி பத்து நாள். நடுவில் கங்கம்மா ஜாத்திரை எந்த ஊரில் எப்போது வரும் என்று கங்கம்மாவுக்குத்தான் தெரியும். அல்ஜீப்ராவில் தெரியாததை எக்ஸ் என்று வைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடலாம். படிவத்தில் அப்படி முடியாது. கடைசியில் "குறிப்பு" என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தது, வழக்கமாக எல்லோரும் கோடு போட்டு விடுகிற கட்டம்.

பாடங்களை ஆங்கிலத்தில் எழுதினேன். குறிப்பை மட்டும் தமிழில் எழுதினேன். அது எனக்காக எழுதியது. எங்கள் ஹெச்.எம். திருப்பதிக்காரர். இருபது வருடமாக எல்லைப் பக்கத்துப் பள்ளிகளில் இருப்பதால் தமிழ் பேசினால் அரைப்புள்ளி விடாமல் புரியும், ஆனால் படிக்கத் தெரியாது. தெலுங்கு எழுத்தை ஜிலேபி என்று நாங்கள் கேலி செய்தால், தமிழ் எழுத்து காராசேவு என்பார் அவர். சித்தூரில் படிவம் பார்க்கிறவர்களும் தெலுங்குக்காரர்கள். யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் மனசில் இருந்ததையெல்லாம் எழுதினேன்.

ஜூன் மூன்றாம் வாரம், பல்லுறுப்புக்கோவை: "மாங்காய். பாதி வகுப்புதான் வரும். வந்த பாதிக்கும் விரலில் மாங்காய்ப் பால் பட்டுப் புண். அதிகம் எழுத வைக்க வேண்டாம்."

ஜூலை கடைசி, நேரியல் சமன்பாடு: "ஹெச்.எம். இந்த வாரம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார். இரண்டு பீரியட் போகும்."

அதற்கடுத்த வரி: "'மாறி' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது." இதற்குக் காரணம் உண்டு. போன வருடம் "எக்ஸ் என்பது ஒரு மாறி" என்று தமிழில் விளக்கப் போனேன். "எந்த மாரி மேடம்?" என்று முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "இந்த மாரியா, அந்த மாரியா?" பின் பெஞ்சு "அம்மன் மாரியா மேடம்?" என்றது. அன்றைக்கு மேற்கொண்டு பாடம் ஓடவில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம்: "மாமனாருக்குச் சித்தூரில் கண் ஆபரேஷன். இரண்டு நாள் லீவு. மீதி நாள் சுதந்திர தின டான்ஸ் ரிகர்சல். கணக்கு பீரியடைத்தான் எடுப்பார்கள்."

செப்டம்பர், இருபடிச் சமன்பாடு: "சூத்திரத்தைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். எதற்கு என்று கேட்டால் விழிப்பார்கள். கேட்க வேண்டும்."

நவம்பர்: "மழை. புயலுக்குப் பெயர் வைத்தால் மூன்று நாள் லீவு, வைக்காவிட்டால் ஒரு நாள்."

ஹெச்.எம். கடைசிக் கட்டத்தைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஏமம்மா, இவ்வளவு காராசேவு?" என்றார். "பாடக் குறிப்பு சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார். படிவம் சித்தூர் போயிற்று.

ஜூலை நடுவில் சித்தூரில் கூட்டம் என்று அழைப்பு வந்தது. பத்துப் பன்னிரண்டு பள்ளிகளின் ஹெச்.எம்.களும் கணக்கு ஆசிரியர்களும் வர வேண்டும் என்றார்கள். புதிதாக ஓர் அதிகாரி பொறுப்பேற்றிருக்கிறார், ஆண்டுத் திட்டங்களைப் பார்க்கிறார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நானும் ஹெச்.எம்.மும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தோம். அதிகாரி ஐம்பது வயதுக்காரர், முழுக்கைச் சட்டை, பேச்சு மெதுவாக இருந்தது. ஒவ்வொரு படிவமாக எடுத்துத் தெலுங்கில் கேட்டுக்கொண்டே வந்தார். முக்கால்வாசிப் பேரின் திட்டத்தில் கணங்கள் பன்னிரண்டு பீரியட் இருந்தது. எங்கள் ஓய்வுபெற்ற சாரின் நோட்டு எங்கெங்கே போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு என் படிவத்தை எடுத்தார். "இதி எவரிதி?" என்றார். எழுந்து நின்றேன்.

"ஒக்காருமா," என்றார் தமிழில். "நான் நாகலாபுரத்துப் பக்கம். எட்டாவது வரைக்கும் தமிழ் மீடியம்."

உட்கார்ந்தேனா நின்றேனா என்று நினைவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மாங்காய்ப் பால் வந்தபோது தமிழ் தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெச்.எம்.முக்குத் தெரியாது. அவர் நல்ல பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஹெச்.எம். இந்த வாரம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார். இரண்டு பீரியட் போகும்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. மற்ற ஹெச்.எம்.கள்தான் அதிகம் சிரித்தார்கள். எங்கள் ஹெச்.எம். மெல்ல எழுந்தார். காலடியில் தரை பிளக்காதா என்று இருந்தது எனக்கு.

"ரெண்டு பீரியட் காது சார், ஒகடே," என்றார். இரண்டு இல்லை, ஒன்றுதானாம். தெலுங்கில் சொன்னது போதாது என்று என்னைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார்: "நான் எப்பவாவது ஒரு பீரியடுக்கு மேல பேசியிருக்கேனாம்மா?"

"இல்ல சார்," என்றேன். அது பொய்.

அதிகாரி சிரிக்கவில்லை. மிச்சத்தையும் படித்து முடித்தார். மாமனாரையும் விடவில்லை. பிறகு படிவத்தை மேஜை மேல் வைத்துவிட்டு எல்லோருக்கும் புரியட்டும் என்று தெலுங்கில் பேசினார். இத்தனை திட்டங்களில் இந்த ஒன்றைப் படித்தபோதுதான் இது பிள்ளைகள் வந்து போகிற பள்ளி என்று தெரிகிறது, மற்றதெல்லாம் புத்தகத்தின் பொருளடக்கம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு முழுசாக வெளியே போவதற்குள் அடுத்ததைச் சொன்னார்: பதினைந்து நாளில் திருப்பதியில் இரண்டு மாவட்டக் கணக்கு ஆசிரியர்களுக்கும் பயிற்சி, அங்கே இந்த மேடம் இதை விளக்குவார். மெமோ கொடுத்திருந்தால் ஒரு பக்கத்தில் பதில் எழுதி முடித்திருப்பேன்.

திரும்பி வரும் வழியில் ஹெச்.எம். விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். கடைசியில், "நிஜமா ரெண்டு பீரியடா?" என்றார்.

"சில சமயம், சார்."

"பிள்ளைங்க கேக்கறாங்கன்னு நினைச்சிக்கிட்டிருந்தேன்."

பாவமாக இருந்தது. "கேக்கறாங்க சார்," என்றேன். இது பொய்யில்லை. கணக்கு பீரியட் போகிறது என்றால் எதையும் கேட்பார்கள்.

திருப்பதிப் பயிற்சிக்காக என் படிவத்தைத் தெலுங்கில் தட்டச்சு செய்து கொடுக்கச் சொல்லி அலுவலகக் குமாஸ்தா ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் நேர்மையானவர். ஒரு வரி விடாமல், மாங்காயிலிருந்து மாமனார் வரை, சுத்தமான தெலுங்கில் மொழிபெயர்த்துவிட்டார். திரையில் அது பெரிதாக ஒளிர்ந்தபோதுதான் நான் பார்த்தேன். அப்போது சொல்லி என்ன பயன். "இதெல்லாம் என் பள்ளிக்கு மட்டும். நீங்கள் உங்கள் பள்ளியைப் பார்த்து எழுதுங்கள்" என்று மூன்று தடவை சொன்னேன். எல்லோரும் தலையாட்டிக்கொண்டே செல்போனைத் தூக்கித் திரையைப் படம் பிடித்தார்கள். இரண்டு மாவட்டத்தாரும் திரும்ப ஆண்டுத் திட்டம் எழுதி அந்த அதிகாரியிடமே கொடுக்க ஒரு வாரம் அவகாசம்.

பத்து நாள் கழித்து, நான் நேரியல் சமன்பாட்டுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோது அதிகாரியிடமிருந்து போன் வந்தது. வராந்தாவுக்குப் போய் எடுத்தேன்.

"ஏம்மா, ஒங்க மாமனாரு எத்தினி பேருக்கு மாமனாரு?"

எனக்குப் புரியவில்லை. "ஒரே பையன்தான் சார். என் வீட்டுக்காரர்."

"எங்கிட்ட பதினாலு பிளான் கீது. பதினாலு பேரு மாமனாருக்கும் ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் சித்தூர்ல கண் ஆபரேஷன். திருப்பதி டவுன் நடுவுல ஒரு ஸ்கூலு, அங்க ஜூன்ல பசங்க மாங்கா பறிக்கப் பூடறாங்களாம். எந்த மரத்துல? அந்த சாருக்கு இன்னும் கல்யாணமே ஆவல. அவருக்கும் மாமனாரு, அவரு கண்ணுக்கும் ஆபரேஷன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவருக்கும் மறுமுனையில் சிரிப்பு வந்துவிட்டது என்று தோன்றியது, ஏனென்றால் இரண்டு தடவை செருமினார். பிறகு, "எல்லாத்தியும் திருப்பி அனுப்பறேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

திருப்பி அனுப்பியதோடு முடியவில்லை. பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சத்தியவேட்டு மேடம் எனக்கு போன் செய்தார். "மேடம், எங்க மாமனாரு செவுத்துல போட்டோவுல கீறாரு. நான் தூக்கக் கலக்கத்துல அப்படியே எழுதிட்டேன். இப்ப வெளக்கம் கேட்டு அனுப்பிக்கிறாங்க. இன்னான்னு எழுதட்டும்?" என்றார். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். பார்த்து எழுதினேன் என்றா, மாமனார் இல்லை என்றா என்று கேட்டார்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. அவருக்கு அது பெருமையாக இருந்தது. "எங் கண்ணா? பதினாலு ஸ்கூல்லியா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். ஆனால் ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்றார்.

"ஏன் நைனா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆடி முடியல. ஆடியில கண்ணத் தொறப்பாங்களா? ஆவணி பொறக்கட்டும்."

டாக்டர் சொன்னார், நான் சொன்னேன், காலண்டரைக் காட்டினேன். அசையவில்லை. அதனால் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் நான் லீவு எடுக்கவில்லை. டான்ஸ் ரிகர்சலுக்கு நடுவில், மிச்சமிருந்த ஒன்பது பேருக்குப் பாடம் நடத்தினேன். ஆபரேஷன் செப்டம்பர் முதல் வாரம் நடந்தது, இருபடிச் சமன்பாடு தொடங்கிய மறுநாள். வருடம் முழுக்க எந்த வாரத்தைத் தொடக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேனோ அந்த வாரத்தில்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். மாமனாருக்கு ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாடம்மா?"

"இருபடிச் சமன்பாடு மாமா. அதுல எக்ஸுக்கு ரெண்டு விடை வரும்."

"ரெண்டுல எது நெஜம்?"

"ரெண்டும் நெஜம்தான்."

"ரெண்டும் நெஜம்னு சொன்னா, கேட்டவனுக்கு நீ ஒண்ணும் சொல்லலன்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

நான் திருத்துவதை நிறுத்தினேன். பதினாறு வருடமாக இதை நடத்துகிறேன், இப்படி ஒருவரும் கேட்டதில்லை. திரும்பி வந்ததும் வகுப்பில் சூத்திரத்தை எழுதாமல் அதைத்தான் கேட்டேன்: ஒரு தோட்டத்தின் அகலம் ஆறு அல்லது கழித்தல் ஒன்பது என்று விடை வந்தால், தோட்டக்காரனிடம் போய் என்ன சொல்வீர்கள்? "கழித்தல் ஒன்பது அடியில தோட்டம் வெச்சிக்கினு இன்னா பண்ணுவான் மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள். அப்படியானால் எதைத் தள்ளுவது, ஏன் தள்ளுவது என்று ஒரு பீரியட் சண்டை போட்டார்கள். ஆபரேஷனுக்காக இரண்டு பீரியட் இழந்ததில் ஒன்று அங்கே திரும்பி வந்தது.

மற்றபடி திட்டம் எப்படி நடந்தது என்று கேட்டால், நான் எழுதியபடி நடந்தது பாதிகூட இருக்காது. நவம்பரில் பெயர் வைக்காத மழைக்கு நான்கு நாள் லீவு விட்டார்கள். பெயர் வைத்த புயல் நெல்லூர்ப் பக்கம் போய்விட்டது, எங்களுக்கு வெயில் அடித்தது. ஹெச்.எம். சித்தூர்க் கூட்டத்துக்குப் பிறகு கையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு பேசினார். சரியாக ஒரு பீரியட். சில நாள் நாற்பது நிமிஷத்திலேயே நிறுத்திவிட்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு, மேடம் எடுத்துக்கட்டும்," என்று என் பக்கம் கையைக் காட்டுவார். ஐந்து நிமிஷத்தில் என்ன சமன்பாடு நடத்துவது. ஆனாலும் போய் நின்றேன்.

எப்படியோ பிப்ரவரியில், பரீட்சைக்கு ரிவிஷன் தொடங்குவதற்கு நான்கு நாள் முன்பே, அல்ஜீப்ரா முடிந்துவிட்டது. என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நான்கு நாள் சும்மா கிடந்தது. அதற்கு நான் ஒரு திட்டமும் வைத்திருக்கவில்லை. முதல் நாள் வகுப்புக்குள் போய் நின்றேன்.

"இன்னிக்கி இன்னா பாடம் மேடம்?"

"தெரியல," என்றேன். "நீங்களே ஒரு கணக்கு சொல்லுங்க. புத்தகத்துல இருக்கக் கூடாது."

அப்படி ஒரு வார்த்தையை அவர்கள் எந்த ஆசிரியரிடமும் கேட்டதில்லை. பழக்கத்தில் புத்தகத்தைத் திறந்தவர்கள் மறுபடி மூடினார்கள். பிறகு வெதுருகுப்பம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் எழுந்தாள். வருடம் முழுக்க வாய் திறக்காதவள்.

"எங்க நெலத்துல தொட்டி கீது மேடம். மோட்டாரு போட்டா ரொம்பும். ஆனா கரண்டு எப்ப வரும், எவ்ளோ நேரம் இருக்கும்னு தெரியாது. போர்ல தண்ணி எவ்ளோ வரும்னும் தெரியாது. காலைல தொட்டி ரொம்பி இருக்குமான்னு எங்கப்பா தெனமும் கேக்கறாரு. இதுல எக்ஸ் கரண்டா, தண்ணியா?"

"கரண்டுதான்," என்றது ஒரு பெஞ்சு. "தண்ணிதான், கரண்டு வந்தாலும் போர்ல தண்ணி இல்லன்னா?" என்றது இன்னொன்று. கரண்டுக்கு எக்ஸ், தண்ணிக்கு ஒய் என்று கரும்பலகையில் எழுதினார்கள். இரண்டையும் பெருக்கித் தொட்டியின் அளவுக்குச் சமம் என்று போட்டார்கள். நான் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் அழித்து அழித்து எழுதிப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்தவன் சாக்பீஸைக் கீழே வைத்தான்.

"வராது மேடம். தெரியாதது ரெண்டு கீது. நம்மகிட்ட சமன்பாடு ஒண்ணுதான் கீது."

அந்தப் பெண் யோசித்தாள். "அப்போ எங்கப்பாவ தெனமும் கரண்டு வந்த நேரத்த எழுதி வைக்கச் சொல்றேன்," என்றாள். "அது ஒண்ணாவது தெரியும் இல்ல."

சொல்ல வேண்டியதை அவர்களே சொல்லிவிட்டார்கள். மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து ஓடினார்கள். அடுத்தது விளையாட்டு பீரியட்.